வெறுங்கையோடு ஜெராக்ஸ் எடுக்கப் போனவர்

அன்பு மகனே, அல்லது மகளே,

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யார் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. பாவம், எங்கேயோ பிளஸ் டூ முடித்துவிட்டு நிம்மதியாக இருப்பாள். எனக்குப் பதினெட்டு நடக்கிறது. இந்த வயதில் அப்பா வேலைக்கு ஆள் எடுக்க மாட்டார்கள், தெரியும். ஆனாலும் இந்தக் கடிதத்தை இப்போதே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. நாளைக் காலை பஸ்ஸில் நான் பாண்டிக்குப் போகிறேன், கம்ப்யூட்டர் படிக்க. நீ இதைப் படிக்கும்போது உனக்கும் இதே வயது ஆகியிருக்கும். எந்தப் படிப்பு, எந்தக் காலேஜ் என்று ஆளாளுக்கு உன் மண்டையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருப்பேன். அப்போது எனக்குத் தொப்பை இருக்கும், எல்லாவற்றையும் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கும், இன்றைக்குத் தெரிந்த எதுவும் நினைவில் இருக்காது. அதனால்தான் மறப்பதற்கு முன்னால், அப்பா உத்தியோகத்தை அட்வான்ஸாக எடுத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் என் அப்பா ஒரு பிளாஸ்டிக் வாளியில் என் பெயரைப் பெயின்டால் எழுதிக்கொண்டிருக்கிறார். ஹாஸ்டலில் முதலில் காணாமல் போவது வாளிதான் என்று அவரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். சர்டிபிகேட்டைக்கூட இவ்வளவு பத்திரமாகப் பார்க்கவில்லை. முதல் எழுத்தை ஆனை மாதிரி போட்டுவிட்டார், கடைசி எழுத்து வாளியின் கைப்பிடியில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. “இனிஷியலுக்கு எடம் பத்தலடா தம்பி,” என்று இப்போதுதான் குரல் கொடுத்தார். “அது நான்தான, வுடு.” பழைய நாளாக இருந்தால் இதற்கு நான் ஒரு பதில் வைத்திருப்பேன். அவரும் அதற்காக ஒரு நொடி காத்திருந்தார். அவர் பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார்.

நாங்கள் நெரவியில் இருக்கிறோம். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், கொஞ்சம் நெல் வயலும் உண்டு. அம்மா தினமும் பஸ் ஏறிக் காரைக்கால் டவுனுக்குப் போய், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் ஆன்லைன் சென்டரில் வேலை பார்த்தாள். ஆதார் திருத்தம், சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட், சவுதிக்குப் போகிறவர்களின் பேப்பர்கள், எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் இடம். பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் அங்கே திருவிழா. இன்ஜினீயரிங், நர்சிங், ஆர்ட்ஸ் என்று எல்லாக் கவுன்சலிங்குக்கும் எந்தக் காலேஜ், எந்தப் படிப்பு என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து ஆன்லைனில் போடவேண்டும். மண்டபத்தூரிலிருந்தும் சுரக்குடியிலிருந்தும் பிள்ளைகள் அப்பாவோடும் மாமாவோடும் வருவார்கள். அம்மாவுக்கு எதிரே இரண்டு ஸ்டூல். பெரியவர் சொல்லச் சொல்ல அம்மா தட்டுவாள், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாதிக் காரைக்காலின் தலையெழுத்து என் அம்மாவின் கீபோர்டு வழியாகத்தான் போயிருக்கிறது என்று சொல்லி நான் அவளைக் கிண்டல் செய்வேன். “அதான் நெறைய ஸ்பெல்லிங் மிஸ்டேக்,” என்பாள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. உனக்கு எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான். லீவு நாட்களில் நானும் சென்டருக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன், அதனால் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன். ஒருநாள் சுரக்குடியிலிருந்து ஒரு பெண் மாமாவோடு வந்தது. மாமா வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. “நர்சிங் மட்டும் போடுங்கம்மா, வேற ஒண்ணும் வேணாம்,” என்றார். அம்மா தலையாட்டிவிட்டு, “சார், டி.சி. ஜெராக்ஸ் ரெண்டு காப்பி வேணும். நம்ம மெஷின்ல மை இல்ல. எதுத்தாப்புல ஒரு கடை இருக்கு, செத்த எடுத்துட்டு வந்துருங்களேன்,” என்றாள். மெஷினில் மை இருந்தது. கவுன்சலிங் மாதம் முழுக்க அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு, காய்ச்சல்காரனைப் போல மூடி வைத்திருப்பாள். மாமா படி இறங்கியதும் அம்மா நாற்காலியை அந்தப் பெண் பக்கம் திருப்பினாள். “ம், சொல்லு. ஒனக்கு என்னா வேணும்? மாமா ரோட்டக் கடந்து வர்றதுக்குள்ள சொல்லு.” அந்தப் பெண் முழித்தது. “நர்சிங்...” என்று இழுத்தது. “அது மாமாவுக்கு வேணும். ஒனக்கு?” கொஞ்ச நேரம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டு, “கணக்கு டீச்சர் ஆகணும்,” என்றது. “சத்தமா.” “கணக்கு டீச்சர் ஆகணும்.” அவ்வளவுதான். மாமா வந்ததும் அம்மா சாதாரணமாக, “சார், பொண்ணு ஒங்கள்ட்ட என்னமோ சொல்லணுங்குது,” என்றாள்.

யாருக்கும் தெரியாமல் எதையும் அவள் மாற்றிப் போட்டதில்லை, அதை நீ தப்பாக நினைத்துவிடக் கூடாது. சில மாமாக்கள் கேட்டார்கள், பலர் கேட்கவில்லை. திரும்பவும் நர்சிங்கையே போட்டுக்கொண்டு போனவர்கள் உண்டு. “அப்பறம் எதுக்கும்மா இந்த டிராமா?” என்று ஒருமுறை கேட்டேன். “ஒரு தடவ வாய வுட்டுச் சொல்லிட்டா, ரெண்டாவது தடவ சொல்றது சுலுவுடா. நாங்க மொத தடவயே சொல்லல,” என்றாள். அவள் ‘நாங்க’ என்றது அவளை மட்டும்தான். பிளஸ் டூ முடித்தபோது கம்ப்யூட்டர் ஹார்டுவேர் படிக்க அவளுக்கு ஆசை. மெஷினைத் திறந்து உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்கிற படிப்பு. அவளுடைய அப்பா டைப்ரைட்டிங்கில் சேர்த்துவிட்டார். பொம்பளைப் பிள்ளை கையில் ஸ்குரூ டிரைவரா என்று ஒரே ஒரு கேள்வி, அதோடு சரி.

ஆனாலும் சென்டரில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் மெக்கானிக் வருகிறவரை அவள் காத்திருக்க மாட்டாள். முந்தானையைச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்து, மூடியைக் கழற்றி, உள்ளிருந்து ரேம் என்கிற சின்னப் பட்டையை உருவி எடுத்து, அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்ப்பாள். திரும்பச் செருகினால் பாதித் தடவை உயிர் வந்துவிடும். “ராமனையே இந்தத் தேய் தேய்க்கிறியே, பக்தியே இல்லியா?” என்று நான் கேட்பேன். மும்தாஜ் அக்கா, அம்மாவோடு வேலை பார்த்தவர், பக்கத்து சீட்டிலிருந்து சிரிப்பார். அந்த ரப்பர் அம்மாவின் கைப்பையில் சீப்புக்கும் பஸ் பாஸுக்கும் நடுவில் எப்போதும் கிடக்கும். நான் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடிப்பேன். தூசி மூக்கில் ஏறித் தும்மல் வரும். அந்தத் தும்மலும் அவள் தோள் என் மேல் இடிப்பதும்தான், எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது.

நான் எப்படிப்பட்ட பிள்ளை என்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கும் அந்த வியாதி வரக்கூடும். அப்பா சங்கத்துக் கணக்கை வீட்டில் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவார். ஒருநாள் மவுஸுக்கு அடியில், வெளிச்சம் வருகிற ஓட்டையில், ஒரு துண்டு டேப்பை ஒட்டிவைத்தேன். அப்பா மவுஸை இழுக்கிறார், தட்டுகிறார், ஊதுகிறார், திரையில் அம்புக்குறி அசையவில்லை. “நெட்டு இல்லாட்டி மவுஸும் வேல செய்யாதாடா?” என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் நெட்டுக்காகக் காத்திருந்தார், அப்புறம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார். அம்மா அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் குழம்பு அடிப்பிடித்தது. மும்தாஜ் அக்காவுக்கு வேறு வைத்தியம். அவர் கம்ப்யூட்டரின் முகப்பைப் படம் எடுத்து, அதையே திரைப் பின்னணியாக வைத்துவிட்டு, உண்மையான ஐகான்களை மறைத்துவிட்டேன். அக்கா எதைக் கிளிக் செய்தாலும் ஒன்றும் திறக்கவில்லை, ஏனென்றால் அவர் கிளிக் செய்தது வெறும் படம். அம்மாகூட மூடியைத் திறந்து ரேமைத் தேய்த்துப் பார்த்தாள். கடைசியில் நான் சொன்னபோது என் காதைத் திருகிவிட்டு, “டேப்பு ஒட்டுனா கண்ணுக்குத் தெரியுது, எடுத்துடலாம். இது எங்க இருக்குன்னே தெரியலியேடா, திருட்டுப்பயலே,” என்றாள். அவளை ஏமாற்ற முடிந்ததில் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

போன வருடம் நான் அவளிடம் ஒருநாள், “நான் என்னம்மா படிக்கட்டும்?” என்று கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “இப்பச் சொல்லாத. மண்டையில எதுவும் ஏத்திக்காத. அன்னைக்குக் கேக்குறேன். அப்பாவ ஜெராக்ஸ் எடுக்க அனுப்பிட்டுக் கேக்குறேன்,” என்றாள். ஈசிச்சேரிலிருந்து அப்பா, “நான் போவ மாட்டேன். அந்த மெஷின்ல மை இருக்குறது எனக்குத் தெரியும்,” என்றார். “போவீங்க, போவீங்க,” என்றாள் அம்மா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனாள். அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை. இங்கே பார்த்துவிட்டுப் பாண்டிக்கு எழுதிக்கொடுத்தார்கள். ஆம்புலன்ஸில் நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன், அப்பா பின்னால் அவளோடு. நம் ஊரிலிருந்து நம் தலைநகரத்துக்குப் போக தமிழ்நாட்டுக்குள் புகுந்து தாண்டிப் போகவேண்டியிருக்கிறது, அந்த ரோடு அன்றைக்கு முடியவே இல்லை. அவள் திரும்பி வந்ததும் ஆம்புலன்ஸில்தான். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. எதைப் பற்றியும் ஒரு கடி ஜோக்காவது கைவசம் வைத்திருக்கிற நான், இதன் எதிரில் வாயைத் திறந்து பார்த்தேன், ஒன்றுமே இல்லை. மார்ச்சில் பரீட்சை எழுதினேன். எப்படி எழுதினேன் என்று கேட்காதே. மார்க் மட்டும் வந்தது.

வீட்டில் சத்தம் நின்றுவிட்டது. அப்பா பருப்பு வேகவைக்கக் கற்றுக்கொண்டார், நான் அதைச் சாப்பிடக் கற்றுக்கொண்டேன். பரீட்சைக்கு முன்னால் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மவுஸைத் தொட்டால், கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. பார்சல் கட்டுகிற பிரவுன் டேப்பை எடுத்து மவுஸைச் சுற்றி, மேலே கீழே, வயரோடு சேர்த்து, பொட்டலம் மாதிரி சுற்றி வைத்திருந்தார். அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மவுஸை இழுத்தேன், தட்டினேன், ஊதினேன். “என்னாப்பா இது, நெட்டு இல்லியா?” என்றேன். “தெரியலியேடா,” என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் எவ்வளவு நேரம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாரோ. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தோம், குழம்பு அடிப்பிடிக்கிறதா என்று. அந்த டேப்பைப் பிய்த்து எடுக்க எனக்கு மனசே வரவில்லை, ரொம்ப நாள் டேப்போடுதான் பழகினேன்.

ரிசல்ட் வந்ததும் சண்டை தொடங்கியது. அப்பாவுக்குச் சாப்ட்வேர், அதாவது கம்ப்யூட்டர் சயின்ஸ். அவரோடு வேலை பார்க்கிறவர் மகன் பெங்களூரில் இருக்கிறான், கழுத்தில் கயிறு கட்டிய அடையாள அட்டையோடு ஒரு போட்டோ, அது சங்கத்தில் எல்லார் போனுக்கும் போய்விட்டது. எனக்கு ஹார்டுவேர், அதற்கு எலக்ட்ரானிக்ஸ் எடுக்கவேண்டும். “ஹார்டுவேர்னா என்னா, ஆணியும் பெயின்டும் விக்கிறதா?” என்றார் அப்பா. “இல்லப்பா, நீங்க புடிக்கிற மவுஸ், அதுக்குள்ள இருக்குற சிப்பு, அதைச் செய்யிற படிப்பு.” “எதுக்கு மவுசு இருக்கோ அதப் படி. மவுஸப் படிச்சு என்னா பண்ணப் போற?” வேறு ஒரு நாளாக இருந்தால் எழுந்து கைதட்டியிருப்பேன், அப்பாவும் நானும் ஒரே ரத்தம்தான் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். பக்கத்து வீட்டு மாமா வேறு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “இனிமே புரோகிராமெல்லாம் மெஷினே எழுதிக்குமாம்ல, எதப் படிச்சும் ஒண்ணும் இல்ல,” என்று நல்வாக்குச் சொன்னார். உன் காலத்தில் அது எப்படியாகியிருக்கிறதோ, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிற எல்லாரும் இன்னொருவர் சொன்னதைச் சொல்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

அதுவரைக்கும் சாதாரணச் சண்டை. பிறகு அப்பா, “ஒங்கம்மா ஆசப்பட்டது கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்,” என்றார். நான், “அம்மா ஆசப்பட்டது ஹார்டுவேர். அவங்களுக்கே படிக்கக் கெடைக்கல. நான் படிப்பேன்,” என்றேன். “அவ கஷ்டப்பட்டதே நீ மெஷினுக்கு அடியில உக்காரக் கூடாதுன்னுதாண்டா.” “ஒங்களுக்கு அவங்களப் பத்தி என்னா தெரியும்?” இதை நான் கேட்டேன். அவர் என்னை அடித்திருக்கலாம். தட்டை எடுத்துப் பாத்திரம் கழுவும் அங்கணத்தில் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார், வயலில் அப்போது ஒரு வேலையும் இல்லை. எங்களிடம் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். அவளை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். அவள் உண்மையில் என்ன நினைத்தாள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் கேட்பதற்காகத்தான் காத்திருந்தாள்.

கடைசி நாள் நெருங்கிய பிறகு பைக்கில் டவுனுக்குப் போனோம். சென்டரில் அம்மாவின் நாற்காலியில் மும்தாஜ் அக்கா உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, “வாங்கண்ணே, உக்காருங்க,” என்று அந்த இரண்டு ஸ்டூலைக் காட்டினார். இத்தனை வருடம் அந்த ஸ்டூலில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதில் உட்கார்ந்தால் திரையில் பாதிதான் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அப்பா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, “மொதல்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் போடுங்கம்மா. பாண்டியில இருக்குற எல்லாக் காலேஜும்...” என்று தொடங்கினார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அக்கா தட்டவில்லை. கையைக் கீபோர்டில் வைத்தபடி அப்படியே இருந்தார். ஜெராக்ஸ் மெஷின் மேல் அதே துண்டு கிடந்தது.

அப்பா அந்தத் துண்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு எழுந்து நின்று, “ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துர்றேன்,” என்றார்.

“என்னா ஜெராக்ஸ்ண்ணே? எல்லாம் இருக்கே,” என்றார் அக்கா.

“ஏதாச்சும்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கையில் ஒரு தாள் இல்லை. கைகளை என்ன செய்வது என்று தெரியாதவரைப் போல இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்று, பஸ் போக விட்டு, மெதுவாகக் கடந்து, எதிர்க் கடை வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். போக மாட்டேன் என்றவர்.

மும்தாஜ் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “யா அல்லா, நான் எப்புடிடா கேப்பேன்,” என்றார். அப்புறம் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். “ம். சொல்லு. ஒனக்கு என்னா வேணும்? அண்ணன் ரோட்டக் கடந்து வர்றதுக்குள்ள சொல்லு.”

“ஒரு டீ,” என்றேன். பழக்கதோஷம். அக்கா சிரிக்கவில்லை, காத்திருந்தார். ஹார்டுவேர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாரக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்த வார்த்தை, தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எதிரில் கத்துவதற்கு ஆள் இல்லாததால் அது எப்படி இருக்கிறது என்று முதல்முறையாகப் பார்த்தேன். மூடியைத் திறந்தது ஞாபகம் வந்தது, டார்ச், தும்மல், ரப்பர், தோளில் இடித்த தோள். அதில் மெஷின் எங்கே இருந்தது? நான் ஒருநாள்கூட என் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தனியாகத் திறந்து பார்த்ததில்லை. தூசி எனக்கு ஆகாது. எனக்கு வேண்டியிருந்தது அவள் பக்கத்தில் தரையில் உட்கார்வது, அந்த இடத்துக்கு எந்தக் காலேஜிலும் சீட் இல்லை. தனியாக இருக்கும்போது நான் செய்ததெல்லாம் வேறு. எங்கே இருக்கிறது என்றே தெரியாதபடி ஒன்றைச் செய்து, அது ஓடுவதைப் பார்த்து உள்ளுக்குள் குதித்தது. அம்மாவையே ஏமாற்றியது. அதுதான் எனக்கு வேண்டும். அதைச் சொன்னால் அவள் ஆசையை விட்டுவிட்டுப் போவதாகும் என்று பயந்துதான், எதிர்ப்பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

“சாப்ட்வேர்,” என்றேன்.

“சத்தமா.”

“சாப்ட்வேர்க்கா. கம்ப்யூட்டர் சயின்ஸ்.”

அக்கா என்னையே பார்த்தார். “பாவி, இதுக்கா ரெண்டு பேரும் இத்தன நாளு சண்ட போட்டிய?” என்றார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து அழுத முதல் பையன் நானாக இருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா திரும்பி வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. “என்னா எடுக்கணும்னு கேட்டான். ஒண்ணும் இல்லன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு, மூடிய மூடி அமுத்தி இதக் குடுத்தான்,” என்றார். வெள்ளைத் தாள். ஓரத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு. ஸ்டூலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்து நீவினார். என் முகத்தைப் பார்க்காமல், “ஹார்டுவேர் போட்டாச்சா?” என்றார். “இருக்கட்டும். அவளுக்குச் சந்தோசமா இருக்கும். ஆணி வித்தாலும் நம்ம புள்ள விக்கிற ஆணி.” எதிர்க் கடை வாசலில் நின்று அவர் அதை முழுக்கத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது? “சாப்ட்வேர்ப்பா,” என்றேன். அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. “எனக்காவாடா?” என்றார். “இல்ல. எனக்கு.” மடியிலிருந்த தாளை இன்னொரு தடவை நீவிவிட்டு, “அப்ப அவ ஆச?” என்றார். பெங்களூர் போட்டோவையெல்லாம் காட்டிச் சண்டை போட்டவர், சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் மும்தாஜ் அக்கா, “அக்காவுக்குக் கேக்கணுங்கறதுதாண்ணே ஆச. கேட்டாச்சு,” என்று சொல்லிவிட்டுத் தட்ட ஆரம்பித்தார்.

பைக்கில் திரும்பும்போது அப்பாவின் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. நெரவி வரைக்கும் வயல்காற்று, அதனால் அவர் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, கேட்டதாகவும் நான் காட்டிக்கொள்ளவில்லை. அம்மா போன பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் அழுதேன், வேறு காரணத்துக்கு. நான் கேட்டது எனக்குக் கிடைக்கப்போகிறது, அதில் அவள் உட்கார்ந்த இடம் இல்லை. அம்மாவின் கைப்பையிலிருந்து எடுத்துப் போயிருந்த ரப்பரை அக்காவிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே கம்ப்யூட்டர்கள் இன்னும் படுத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

அந்த வெள்ளைத் தாளை அப்பா தூக்கி எறியச் சொன்னார். எறியவில்லை. இந்தக் கடிதத்தின் முதல் பக்கம் அதுதான், ஓரத்தில் கோடு தெரியும், பார். ஹார்டுவேரா சாப்ட்வேரா என்று உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நீ படிக்கிற காலத்தில் இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று வந்திருக்கும், அதற்கும் பக்கத்து வீட்டில் ஒரு மாமா இருப்பார். நீ எதை வேண்டும் என்று கத்துகிறாயோ, அது எதிரில் கத்த ஆள் இருப்பதால் மட்டும்தான் வேண்டியிருக்கிறதா என்று தனியாக ஒருமுறை பார்த்துக்கொள். அந்தத் தனிமையைக் கொடுக்கவேண்டியது என் வேலை. நான் அதை மறந்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “மொதல்ல இதப் போடுங்க,” என்று தொடங்குவேன். தொடங்கியே தீருவேன், அது எங்கள் வீட்டு ரத்தம்.

அப்போது சண்டை போடாதே. நானாக எழுந்து, ஜெராக்ஸ் எடுத்துட்டு வர்றேன் என்று சொன்னால் என் கையைப் பார். கையில் தாள் இல்லையென்றால், பேசாமல் போகவிடு. ரோட்டைக் கடக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும், அதற்குள் சொல்லிவிடு. நான் எழுந்திருக்கவே இல்லையென்றால், இந்த முதல் பக்கத்தை என் கையில் கொடுத்து, “அப்பா, இத ஒரு காப்பி எடுத்துட்டு வாங்க,” என்று சொல்.

நான் போவேன்.

உன் அப்பா